வீடு தேடி வந்த ஒன்பதாம் வகுப்புக் கணக்கு

ஆவரங்குளத்தில் புத்தகங்கள் வீடு மாறத் தொடங்கியது பங்குனி இரண்டாம் வாரத்தில், ஒரு வியாழக்கிழமை விடிகிற நேரத்தில். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஏனென்றால் அன்றைக்குத்தான் பால்காரர் மாடசாமி ஊருக்குள் ஏழு வாசல்களில் ஏழு புத்தகங்களைப் பார்த்து, ஏழையும் மிதிக்காமல் தாண்டி, ஏழு இடத்திலும் "ஒங்க வாசல்ல புஸ்தகம் கெடக்கு" என்று குரல் கொடுத்துவிட்டுப் பாலை ஊற்றிவிட்டுப் போனார். அந்த ஏழும் என்னுடையவை. முந்தின நாள் சாயங்காலம் வரை என் வீட்டுக் கண்ணாடி பீரோவுக்குள் முதுகு காட்டி நின்றவை.

என்னைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் கதை நகராது. என் பெயர் கோமதிநாயகம், வயது நாற்பத்தாறு, மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தர், படித்தது பி.எஸ்சி. கணிதம். ஊரில் எனக்குக் கணக்குப் புலி என்று பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது என்றால், என்னிடம் அறுபத்து மூன்று உயர்கணிதப் புத்தகங்கள் இருந்தன; கோயில் பிரகாரத்தில் அறுபத்து மூவர் நிற்கிற மாதிரி முன்னறையில், உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், அவற்றை நிறுத்தி வைத்திருந்தேன். எதை முதலில் படிக்க வேண்டும், எதை இரண்டாவதாகப் படிக்க வேண்டும், எந்தப் புத்தகத்தில் பயிற்சிக் கணக்குகள் நல்லவை, எதன் மூன்றாம் பதிப்பைவிட இரண்டாம் பதிப்பு மேல் என்று யார் கேட்டாலும் மடமடவென்று சொல்வேன். முன்னுரை ஒன்றைக்கூட நான் விட்டு வைத்ததில்லை. ஆனால் இந்த வருஷம் எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று ஆராய்ந்து, பட்டியல் போட்டு, பட்டியலைத் திருத்தி முடிப்பதற்குள் அடுத்த வருஷம் வந்துவிடும். இப்படியே இருபத்து நான்கு வருஷம் போயிற்று. அறுபத்து மூன்றில் எதிலும் நான் பதினோராம் பக்கத்தைத் தாண்டியதில்லை.

அந்தப் பதினோராம் பக்கம் நீல அட்டை போட்ட தடித்த புத்தகத்தில் வருவது. அதில் ஒரு வரியின் முடிவில் 'இது வெளிப்படை' என்று போட்டிருக்கும். எனக்கு அது வெளிப்படையாக இல்லை. இரண்டு நாள் பார்த்தேன், மூடி வைத்தேன், புதிதாக வேறொரு புத்தகம் வாங்கினேன்.

புத்தகங்கள் நடமாடத் தொடங்குவதற்கு முந்தின ஆடி மாதம், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செண்பகவல்லி என் வீட்டுக்கு வந்தாள். பி.எஸ்சி. முடித்த கையோடு கல்யாணம், பிறகு பதிமூன்று வருஷமாக அந்தக் கடை. கல்லூரிப் பிள்ளைகள் நகல் எடுக்கக் கொடுக்கிற தாள்களை எந்திரத்தில் வெளிச்சம் ஓடி முடிவதற்குள் இரண்டு வரி வாசித்துவிடுவாளாம்.

"எம்.எஸ்சி. சேரணும்னு ஆச அண்ணாச்சி. நொழைவுத் தேர்வு எழுதணும். படிச்சதெல்லாம் மறந்து போச்சு, நானா ஒக்காந்து படிக்கப் போறேன். எந்தப் புஸ்தகத்துல ஆரம்பிக்க? நீங்க சொன்னா சரியா இருக்கும்."

பீரோவின் கீழ்த்தட்டில் அட்டை கிழிந்த ஒரு மெலிந்த புத்தகம் இருந்தது. படம் போட்டு, ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி எழுதியது. அதுதான் அவளுக்குச் சரியான புத்தகம் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். அதைக் கொடுத்தால் அவளுக்குப் புரியும், புரிந்தால் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவாள், வந்தால் நான் யார் என்று தெரிந்துவிடும். இவ்வளவும் ஒரே மூச்சில் என் மனதுக்குள் ஓடியது. நான் நீல அட்டைப் புத்தகத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"இதுல ஆரம்பிம்மா. இது அடிப்படை."

நான்கு மாதம் கழித்துக் கார்த்திகையில் அதை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து திருப்பித் தந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "எனக்கு அவ்வளவு மூளை இல்ல போலிருக்கு அண்ணாச்சி" என்றாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதோடு விட்டேனா? "எல்லாருக்கும் வராதும்மா" என்று வேறு சொன்னேன். என் வாழ்நாளில் நான் வெட்கப்பட வேண்டியவற்றை வரிசையாக அடுக்கினால் முதலில் அந்த 'அப்பாடா'தான் நிற்கும்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். முதலில் திருட்டு என்றுதான் நினைத்தோம். என் மனைவி பகவதி காலியான இடத்தைப் பார்த்துவிட்டு "எடைக்குப் போட்டுட்டியளா, நல்லவேளை" என்றாள். நான் போலீஸில் புகார் கொடுத்தேன். விசாரிக்க வந்த ஏட்டையா வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே போனால் அவருடைய மோட்டார் சைக்கிள் இருக்கையில் என் வடிவியல் புத்தகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அவர் அதைப் புரட்டினார், நின்றபடியே மூன்று பக்கம் படித்தார், பிறகு வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்து படித்தார். புகார் அதோடு நின்றது.

ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்கு முறை வகுத்துக்கொண்டது. வந்த புத்தகத்தைத் திருப்பி அனுப்பக் கூடாது, அனுப்பினாலும் மறுநாள் திரும்பி வந்துவிடுகிறது. கோலம் போடுகிற பெண்கள் படிக்கட்டை ஒட்டி ஒரு புத்தகம் கிடக்கிற அளவு இடம் விட்டுப் போட்டார்கள். வானம் மூட்டமாக இருந்தால் அந்த இடத்தில் சாக்கு ஒன்றை விரித்து வைத்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடித்தபடியே "ஒங்க வீட்டுக்கு என்ன புஸ்தகம் வந்திருக்கு?" என்று கேட்டார்கள். பரோட்டா மாஸ்டருக்கு முடிச்சுகளைப் பற்றிய கணிதம் வந்தது. மாவை வீசிச் சுருட்டுகிறபோதெல்லாம் அவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். ஜோசியர் வீட்டுக்கு நிகழ்தகவு வந்தது. அவர் இரண்டு நாள் கடையைச் சாத்திவிட்டுப் படித்தார். திறந்த பிறகு வந்தவர்களிடம் "நடக்கலாம், நடக்காமலும் போகலாம், நடக்கிற பக்கம் கொஞ்சம் கூடுதல்" என்று மட்டும் சொன்னார், கூட்டம் குறையவில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்குப் புத்தகம் போகவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போயிற்று, அவர்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். இது ஏன் நடக்கிறது என்று ஊரில் யாரும் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. யாருக்கு எது வந்தது என்பதுதான் பேச்சாக இருந்தது.

அந்தப் பேச்சில்தான் வம்பு முளைத்தது. மாடசாமி காலையில் புத்தகத்தின் பெயரைத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போவார். என் பீரோவிலிருந்து மட்டுமல்ல, பரணிலிருந்தும் பழைய இரும்புக் கடையிலிருந்தும்கூடப் புத்தகங்கள் கிளம்பிவிட்டன. பெரிய மனிதர்கள் வாசலில் சின்னப் புத்தகங்கள் கிடந்தன. தலைமையாசிரியர் ஒருவர் வீட்டுக்கு வாய்ப்பாடு வந்தது. அன்றைக்கு மத்தியானமே அவர் அதற்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டுவிட்டார். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் பிள்ளைகளுக்குப் போடுவோமே, மடித்து, ஓரம் வெட்டி, பெயர்ச்சீட்டு ஒட்டி, அதே மாதிரி. அதைப் பார்த்து அடுத்த வீட்டார் போட்டார்கள், அதற்கடுத்த வீட்டார் போட்டார்கள், சித்திரை பிறப்பதற்குள் ஆவரங்குளத்தில் பழுப்புத்தாள் தீர்ந்து சங்கரன்கோவிலிலிருந்து வரவழைத்தார்கள். மேலே ஒட்டிய சீட்டில் அவரவர் தமக்குப் பிடித்த தலைப்பை எழுதிக்கொண்டார்கள். அடுத்தவர் சீட்டைக் கிளறக் கூடாது என்பதும் ஒரு முறையாகிவிட்டது.

செண்பகவல்லி மட்டும் அட்டை போடவில்லை. முதல் வாரத்திலேயே ஒன்று அவள் கடை ஷட்டருக்குக் கீழே கிடந்தது: அட்டை கிழிந்த அந்த மெலிந்த புத்தகம். அதை அவள் ஜெராக்ஸ் எந்திரத்தின் மூடிமேலேயே விரித்து வைத்துப் படித்தாள். அது முடிந்த மறுநாள் அதே இடத்தில் இன்னொன்று கிடந்தது. அது முடிந்ததும் இன்னொன்று. நான் இருபத்து நான்கு வருஷமாகப் போட்டுத் திருத்திய பட்டியலைப் புத்தகங்கள் தாங்களே போட்டன, என் பட்டியலில் இல்லாத வரிசையில்.

என் பீரோ காலியாகிக்கொண்டே வந்தது. இருபத்து மூன்றாம் நாள் பார்த்தால் நீல அட்டைப் புத்தகம் மட்டும் நின்றது. இருப்பதிலேயே கடினமானது எனக்கென்று நின்றுவிட்டது என்று உள்ளுக்குள் பெருமைதான். அந்தப் பெருமையோடு கதவைத் திறந்தேன். படியில், கோலத்தின் ஓரத்தில், ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் கிடந்தது. பழசு. பகவதி எடுத்து முதல் பக்கத்தைப் புரட்டி உரக்க வாசித்தாள்: "ச. கோமதிநாயகம், ஒன்பது ஆ பிரிவு."

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டது, எங்கெங்கோ சுற்றி என்னிடமே வந்திருக்கிறது. எந்தப் பக்கத்துக்காக வந்திருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் நூற்றெண்பது என்கிற தேற்றம். நான் தேற்றங்களை எழுத்தோடு மனப்பாடம் செய்து நூற்றுக்கு நூறு வாங்கியவன். அரையாண்டுத் தேர்வில் முக்கோணத்துக்கு பி, க்யூ, ஆர் என்று பெயர் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். நான் அதைக் கவனிக்கவே இல்லை, ஏ, பி, சி என்றே கடைசி வரை எழுதி வைத்தேன். வாத்தியாரும் கவனிக்காமல் முழு மதிப்பெண் போட்டார். அந்தத் தேற்றம் ஏன் உண்மை என்று அன்றைக்கும் எனக்குத் தெரியாது, அதற்குப் பிறகும் தெரியாது.

மாடசாமி வருவதற்குள் அதை உள்ளே கொண்டுபோய்ப் பழுப்புத்தாள் போட்டேன். சீட்டில் 'அளவுக் கோட்பாடு' என்று எழுதினேன். நீளம் என்றால் என்ன, பரப்பு என்றால் என்ன என்று அடியிலிருந்து கேட்கிற பெரிய கணிதம் அது, முன்னுரை படித்திருக்கிறேன். பகவதி கதவில் சாய்ந்து நின்று நான் பசை தடவுவதைப் பார்த்தாள். "ஓரத்த நல்லா ஒட்டுங்க" என்றாள், அவ்வளவுதான்.

வைகாசி மூன்றாம் வாரம் செண்பகவல்லி வந்தாள். நான்கு புத்தகம் முடித்திருந்தாள். முகமே மாறிப் போயிருந்தது.

"தேர்வுக்கு எல்லாம் பாத்துட்டேன் அண்ணாச்சி. அளவுக் கோட்பாடு மட்டும் பாக்கி. அந்தப் புஸ்தகம் இன்னும் எனக்கு வரல. ஒங்ககிட்ட இருக்குன்னு மாடசாமி சொன்னாரு. ஒரே ஒரு நாள் குடுங்க, மொத ரெண்டு பாடம் நகல் எடுத்துட்டுத் தந்துருதேன்."

புத்தகம் மேசைமேல் இருந்தது. அவள் கை நீண்டது. நான் அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"இது ஒனக்கு இப்ப வேண்டாம்மா. இதத் தொட இன்னும் நாலு வருஷம் ஆகும்."

"அப்போ தேர்வு?"

"நான் அன்னைக்கே சொன்னேன்லா?"

வாசலில் செருப்பை மாட்டுவதற்கு அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

அடுத்த திங்கட்கிழமை நூலகத்தில் விழா. கிளை நூலகர் அருளானந்தம் உயர்கணிதத்துக்கென்று ஓர் அலமாரி ஏற்பாடு செய்து, அதற்கான புத்தகங்களைத் தேர்ந்தெடுத்துத் தரும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார். நான்கு பக்கப் பட்டியல் தயார். மூன்று மணிக்கு, 'தனியாகக் கணிதம் படிப்பவர் நூல்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி' என்று நான் பேச வேண்டும். மத்தியானம் சட்டைக்குப் பெட்டி போட்டுக்கொண்டே பகவதி சொன்னாள்:

"செண்பகம் பரீட்ச எழுதலையாம். விண்ணப்பப் பாரத்தக் கிழிச்சுப் போட்டுட்டா. இன்னைக்குத்தான் கடைசி நாளாம். அண்ணாச்சியே சொல்லிட்டாங்க, எனக்கு வராதுன்னு, அப்படின்னு சொல்லி அழுதா."

"நான் அப்படிச் சொல்லலயே."

"வேற எப்படிச் சொன்னீய?"

சட்டையை என் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். மேடையில் காட்டுவதற்கு ஒரு பெரிய புத்தகம் வேண்டுமே என்று நான் நீல அட்டைப் புத்தகத்தைப் பீரோவிலிருந்து இறக்கினேன். அவள் திருப்பித் தந்த நாளிலிருந்து அதைத் திறக்கவில்லை. பழக்க தோஷம், விரல் தானாகப் பதினோராம் பக்கத்துக்குப் போயிற்று. 'இது வெளிப்படை' என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால், பொடி எழுத்தில், எழுதியிருந்தது: 'யாருக்கு? அண்ணாச்சியிடம் கேட்கணும்.'

பக்கத்தைத் திருப்பினேன். பதினான்கில் 'அண்ணாச்சியிடம் கேட்கணும்.' இருபதில், இருபத்திரண்டில், முப்பத்தொன்றில். சில இடத்தில் அவளே யோசித்து விடையும் எழுதி, 'சரியா? கேட்கணும்' என்று போட்டிருந்தாள். எண்பத்தாறாம் பக்கம் வரை போயிருந்தாள். மூளை இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவள், நான் நின்ற இடத்திலேயே நின்று, நான் கேட்காத கேள்வியைக் கேட்டு, நான் போகாத எழுபத்தைந்து பக்கம் போயிருக்கிறாள். அத்தனை கேள்வியையும் வைத்துக்கொண்டு அன்றைக்கு என் முன்னால் நின்றபோது நான் ஒன்றைக்கூடக் கேட்க விடவில்லை. அந்தப் புத்தகம் ஏன் என் வீட்டைவிட்டுப் போகாமல் நின்றது என்று அப்போதுதான் புரிந்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். காது மடலெல்லாம் சுட்டது.

நூலகத்தில் நல்ல கூட்டம். ஏட்டையா வந்திருந்தார், ஜோசியர் வந்திருந்தார், தலைமையாசிரியர் முன்வரிசையில், எல்லார் மடியிலும் பழுப்புத்தாள் போட்ட புத்தகங்கள். செண்பகவல்லி கடைசியில் கதவோரம் கடைச்சாவியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அருளானந்தம்தான் கூப்பிட்டாராம், விழா அழைப்பிதழை அவள் கடையில் நகல் எடுத்ததால். மேடையேறினேன். பட்டியல் சட்டைப் பையில் இருந்தது, எடுக்கவில்லை. நீல அட்டைப் புத்தகத்துக்குப் பதிலாக நான் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்த என் புத்தகத்தின் பழுப்புத்தாளைக் கிழித்தேன். பகவதி சொன்னபடி ஓரத்தை நன்றாக ஒட்டியிருந்ததால் ஒரே இழுப்பில் வரவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது, அவ்வளவு நேரமும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. எனக்கு வந்த புத்தகம் இதுதான். அளவுக் கோட்பாடு என்று எழுதினது பொய். நான் எந்தப் புத்தகத்திலும் பதினோரு பக்கத்துக்கு மேல் படித்ததில்லை. ஒரு முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் ஏன் நூற்றெண்பது வருகிறது என்று எனக்குத் தெரியாது. நான் சொன்ன புத்தகத்தை வாங்கி, புரியாமல், தன்மேல்தான் குறை என்று யாராவது விட்டிருந்தால், குறை அவர்மேல் இல்லை."

யாரும் கை தட்டவில்லை. தங்கள் அட்டையையும் யாரும் கிழிக்கவில்லை. தலைமையாசிரியர் தன் புத்தகத்தின்மேல் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பின்னால் ஒருவர் இருமினார். அருளானந்தம் எழுந்து "டீ வந்திருச்சு, எல்லாரும் எடுத்துக்கோங்க" என்றார். என்னோடு பேசுவதைத் தவிர்க்க அத்தனை பேருக்கும் டீ தேவைப்பட்டது. நான் இறங்கிக் கதவோரத்துக்குப் போனேன்.

"எல்லாருக்கும் வராதுன்னு சொன்னீயளே அண்ணாச்சி, அது?"

"அதுவும் பொய்தாம்மா. எங்க என்கிட்ட கேள்வி கேட்டுருவியோன்னு பயந்து சொன்னது."

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். மன்னித்த பார்வை இல்லை அது. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு மணி ஐந்து நிமிஷம்.

"இன்னைக்குத் தேதி முத்திர விழணும்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன். எதை நகல் எடுத்தாலும் முதல் தாளில் மை சரியாக விழாது என்று ஒரு பிரதி கூடுதலாக எடுத்துப் போடுகிற வழக்கம் அவளுக்கு. கடையில் அந்தக் குப்பைக் கட்டைப் பிரித்து, நூறு சாதிச் சான்றிதழ்களுக்கும் ரேஷன் கார்டுகளுக்கும் நடுவிலிருந்து, லேசாகச் சாய்ந்து விழுந்த, பூர்த்தி செய்யாத விண்ணப்பப் பாரம் ஒன்றை உருவினாள். அவள் எழுத, நான் புகைப்படத்துக்குப் பசை தடவினேன். அஞ்சலகத்தில் முத்திரை விழுந்தபோது நான்கு மணி நாற்பது.

"அளவுக் கோட்பாடு இல்லாம எழுதுனா பத்துக் கேள்வி போகும்" என்றாள் படியிறங்கும்போது. "போகட்டும், மீதியப் பாப்போம்." நான்கு எட்டு போய்த் திரும்பி நின்றாள். "நாளைக்குச் சாயங்காலம் கடைக்கு வாங்க. அந்த ஒம்பதாம் வகுப்புப் புஸ்தகத்தையும் எடுத்துட்டு வாங்க."

மறுநாள் விடிகாலையில் மாடசாமி என் வீட்டு முன்னால் வழக்கத்தைவிடச் சத்தமாகவே "ஒம்பதாங்கிளாசு!" என்று கூவிவிட்டுப் பாலை ஊற்றினார். அலுவலகத்தில் யாரும் என்னைப் புலி என்று கூப்பிடவில்லை. ஆறு மணிக்குத் தலையைக் குனிந்துகொண்டு பேருந்து நிலையம் வழியாகப் போய் அவள் கடை முக்காலியில் உட்கார்ந்தேன். அவள் பழுதான நகல் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் முக்கோணம் போட்டு மூலைகளுக்கு பி, க்யூ, ஆர் என்று எழுதினாள். நான் அந்த மூன்று எழுத்தையே பார்த்தேன்.

"எழுத்த விடுங்க அண்ணாச்சி. மூலையப் பாருங்க."

உச்சி மூலையைத் தொட்டபடி, அடிக்கோட்டுக்கு இணையாக, மேலே ஒரு நேர்கோடு இழுத்தாள். "கீழ இடது பக்கம் இருக்க மூலையும் மேல இந்த இடமும் ஒரே அளவு. வலது பக்கத்து மூலை இங்க. நடுவுல இருக்கது ஏற்கனவே இருக்கு. இப்போ மூணும் எங்க ஒக்காந்திருக்கு?"

ஒரே கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தன, மூன்றும் பக்கத்தில் பக்கத்தில், இடைவெளி இல்லாமல். பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பத்தோரு வருஷம், அறுபத்து மூன்று புத்தகம், ஒரு கோடு. கண் கலங்கியதை மறைக்கவில்லை.

"அவ்வளவுதானாம்மா?"

"அவ்வளவுதான். அடுத்த பக்கம் திருப்புங்க" என்று சொல்லிவிட்டு அவள் எந்திரத்துப் பக்கம் போனாள், ஆள் வந்திருந்தது.

திருப்பினேன். முக்கோணத்தின் ஒரு பக்கத்தை வெளியே நீட்டினால் உண்டாகும் கோணத்தைப் பற்றி இரண்டு வரி. இரண்டாம் வரியின் முடிவில் 'இது வெளிப்படை' என்று போட்டிருந்தது. எனக்கு வெளிப்படையாக இல்லை. அவளுடைய பென்சிலை எடுத்து, ஓரத்தில், 'யாருக்கு? செண்பகத்திடம் கேட்கணும்' என்று எழுதினேன்.

யாருக்கோ அடையாள அட்டை நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். எந்திரத்தின் வெளிச்சம் ஒரு முறை ஓடித் திரும்பும் வரை காத்திருந்து, கேட்டேன்.